இடப்பக்கச் சுவர்

கஸான் நகரத்தில் ஏழாம் எண் டிராலிபஸ்ஸில்
டிக்கெட் கிழிப்பவள் நான்.
பெயர் முனவ்வரா. ஐம்பத்திரண்டு வயது.
விரல்களில் எந்நேரமும் சில்லறை வாசம்,
உளூச் செய்தாலும் போவதில்லை.

இரவு ஒன்பதுக்கு வீடு.
பூட்ஸில் ஒட்டிய பனியைக் கதவருகே உதறிவிட்டு
பாலூற்றிய தேநீருக்கும் முன்னால் தொழுகை.
முப்பது வருஷமாக ஒரு வேளையும் விட்டதில்லை என்று
சொல்லிக்கொள்வதில் எனக்கொரு ருசி இருந்தது.
அந்த ருசியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

கிப்லா எங்களுக்குத் தெற்கே.
ஆகவே வலப்பக்கம் ஜன்னல்,
உறைந்த ஆறு, அக்கரை விளக்குகள்.
இடப்பக்கம் சுவர்.

சுவருக்கு அப்பால் நான்கு பையன்கள் இருந்தார்கள்.
குஜந்திலிருந்து வந்தவர்கள்,
பணக்காரர் குளியலறைகளில் ஓடு பதிப்பவர்கள்.
நடுநிசியில் வெங்காயம் வதக்குவார்கள்.
எதற்கோ சிரிப்பார்கள், அடக்குவார்கள்,
அடக்க முடியாமல் மறுபடி சிரிப்பார்கள்.
மூன்று முறை சுவரைத் தட்டினேன்.
நான்காம் முறை தட்டவில்லை.
கட்டட நிர்வாகி கிளாவ்தியாவிடம் போய்
“நாலு பேர், ஒருவனிடமும் காகிதம் கிடையாது” என்றேன்.
காகிதம் இருந்ததா இல்லையா
எனக்குத் தெரியாது.

ஜனவரி. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
படிக்கட்டில் பாத்திரங்கள் உருளும் சத்தம்,
யாரோ யாரையோ கெஞ்சும் சத்தம்.
நான் அப்போது இஷாத் தொழுகையில் இருந்தேன்.
நீளமான சூராவாகத் தேர்ந்தெடுத்தேன்.
சத்தம் அடங்கும்வரை ஓதினேன்.

யா அல்லாஹ்,
அன்று நான் தொழுகையில் நின்றேனா,
தொழுகைக்குப் பின்னால் ஒளிந்து நின்றேனா?

முடிவில் வலப்பக்கம் திரும்பி
ஜன்னலுக்கும் ஆற்றுக்கும் சலாம் சொன்னேன்.
இடப்பக்கம் திரும்பினேன்.
உங்கள் மீது சாந்தி உண்டாவதாக
என்று சொல்ல வேண்டிய வாய்
சுவரிலிருந்த ஓர் ஆணியைப் பார்த்து நின்றுவிட்டது.
சொன்னேன்தான். நாக்கு சொன்னது.
மறுநாளும் சொன்னது.
எந்த வேளை தொழுதாலும்
முடிகிற இடம் அந்த ஆணி.

பிப்ரவரியில் ஒரு காலை, சந்தை நிறுத்தத்தில்
அவர்களில் ஒருவன் ஏறினான்.
கையுறையெல்லாம் சிமெண்ட்.
என்னை அடையாளம் தெரியவில்லை.
சுவர் தட்டிய கைக்கு முகம் ஏது?
சில்லறைக்காகப் பைகளைத் துழாவினான்.
அவன் டிக்கெட்டை நானே போட்டுவிட்டால்
கணக்கு தீர்ந்துவிடும் என்று
மனசு அந்த நொடியிலேயே பேரம் பேசியது.
பர்ஸ் வரைக்கும் போன கையை
இழுத்துக்கொண்டேன்.
அவன் காசை வாங்கி, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து,
“உங்களைக் காட்டிக்கொடுத்தது நான்” என்றேன்.

பஸ் பாலம் ஏறி இறங்கியது.
கம்பியைப் பிடித்தபடி என்னையே பார்த்தான்.
“எங்கள் கெட்டில் அங்கேயே தங்கிவிட்டது” என்றான்,
“கிடைத்தால் எடுத்து வையுங்கள்.”
மன்னித்தேன் என்று சொல்லவில்லை.
பெயர் கேட்டேன்.
ஜும்மாகான் என்றான். கதவு மூடிக்கொண்டது.

அன்றே கிளாவ்தியாவிடம் போனேன்.
நான் சொன்னது தெரிந்து சொன்னதல்ல என்று
எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.
“இதை வைத்து நான் என்ன செய்ய?
அங்கே வேறு ஆள் வந்தாயிற்று” என்று சிரித்தாள்.
கெட்டில் மாடிப்படிக்கு அடியில் கிடந்தது,
நசுங்கி, மூக்கு ஒரு பக்கம் கோணி.
உப்புப் படிவம் போக வினிகர் ஊற்றித் தேய்த்தேன்.

இப்போதும் இரவு ஒன்பதுக்கு வீடு.
முப்பது வருஷக் கணக்கை யாரிடமும் சொல்வதில்லை.
குட்டி சூராக்களே போதுமென்றிருக்கிறது,
அவற்றின் நடுவில் படிக்கட்டுச் சத்தம் கேட்டால்
இந்த முறை காது கேட்கட்டும்.
இடப்பக்கம் திரும்பும்போது
கழுத்து இன்னும் கொஞ்சம் வலிக்கிறது.
சுவருக்கு அப்பால் வெங்காய வாசம் இல்லை.
சலாம் சொல்லிவிட்டுச்
சற்று நேரம் திரும்பியபடியே இருக்கிறேன்.

கெட்டில் என் கண்டக்டர் இருக்கைக்குக் கீழே
தினமும் பயணம் செய்கிறது.
வளைவுகளில் கணகணவென்று மோதுகிறது.
இது யாருடையது என்று கேட்கிறார்கள்.

ஜும்மாகானுடையது என்கிறேன்.
சந்தை நிறுத்தம் வந்தால்
கதவை ஒரு நொடி கூடுதலாகத்
திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்
டிரைவரிடம்.